பெர்னாண்டோ என்னும் பெயர் வந்த வழி



கிள்ளான், தெலுக் பங்லிமா காராங், பந்திங் வட்டாரத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டை வாசித்துக்கொண்டே போனால், முனியாண்டி, சரசுவதி, இராமசாமி, அஞ்சலை என்று வரிசையாக வரும் பெயர்களுக்கிடையே பெர்னாண்டோ என்றோ பெர்னாண்டஸ் என்றோ ஒரு பெயர் வந்து நிற்பதுண்டு. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். உண்பது சோறும் கருவாட்டுக் குழம்பும். உறவினரை அழைப்பது அத்தை, மாமா, சித்தப்பா என்றுதான். ஆயினும் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை, "நீ செரானியா?" என்று கேட்டுவிடுகிறது. செரானி என்பது ஐரோப்பியக் கலப்பில் பிறந்த குடும்பத்தாருக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர்.

கேட்ட பிள்ளை குற்றமாக எதையும் கேட்கவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குத்தான் விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்கிறது. "அது வெள்ளைக்காரன் வைத்த பெயர்" என்கிறார் அவர். பாட்டியைக் கேட்டால், "சாமியார் வைத்த பெயரப்பா" என்கிறார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் முழு விடையாகா. முழு விடையைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து பதில் சொல்லும். ஆகவே, பெர்னாண்டோ என்னும் இந்த ஒரு பெயர் எங்கே பிறந்தது, எப்படித் தமிழரிடம் வந்தது, இன்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் பெயரின் பொருள். நம் பெயர்களில் இரண்டு சொற்கள் சேர்ந்து வருவன பல. வெற்றிவேல் என்கிறோம், வெற்றி ஒன்று, வேல் ஒன்று. பழைய ஜெர்மானிய இனத்தாரிடமும் இதே வழக்கம் இருந்தது. இரண்டு சொற்களை ஒட்டி ஒரு பெயராக்குவார்கள். பெர்னாண்டோ என்பதன் மூல வடிவம் பெர்டினாண்டு. இதன் பின்பாதிக்குத் துணிவு, வீரம் என்று பொருள். முன்பாதியைப் பற்றி மொழியறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. பயணம் என்னும் பொருளுடைய சொல் என்பர் சிலர். அமைதி, பாதுகாப்பு என்னும் பொருளுடைய சொல் என்பர் வேறு சிலர். ஆகவே இப்பெயரைத் "துணிந்து பயணம் செய்பவன்" என்றும் கொள்ளலாம். "அமைதி காக்கும் வீரன்" என்றும் கொள்ளலாம். எதுவாயினும் நல்ல பெயரே.

ஜெர்மானிய இனத்தார் என்றவுடன் இன்றைய ஜெர்மனி நாட்டை மட்டும் எண்ணிவிட வேண்டாம். ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், ஆங்கிலம் ஆகிய மொழிகள் எல்லாம் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகியவை திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல. அக்குடும்பத்தில் கோத்திக் என்றொரு மொழியும் இருந்தது. அதைப் பேசியவர்கள் கோத்தியர். பெர்னாண்டோ என்னும் பெயர் அவர்கள் வீட்டுப் பெயர்.

கோத்தியரில் மேற்குக் கோத்தியர் என்று ஒரு பிரிவினர். அவர்கள் அலாரிக் என்னும் தலைவனின் கீழ் கி.பி. 410இல் உரோமாபுரியையே கைப்பற்றிக் கொள்ளையிட்டவர்கள். பின்னர் மேற்கு நோக்கி நகர்ந்து, இன்றைய பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயினிலும் அரசு நடத்தினார்கள். டொலேடோ என்னும் நகரம் அவர்களுக்குத் தலைநகராயிற்று. 711இல் வடஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் படையிடம் அவர்களுடைய மன்னன் ரொட்ரிக் தோற்றான். அதோடு அந்த அரசு முடிந்தது. அவர்களுடைய மொழியும் அம்மண்ணில் வழக்கொழிந்தது. ஸ்பெயின் மக்கள் பேசியதும், போர்த்துக்கல் மக்கள் பேசியதும் இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகள். ஆனால் கோத்தியர் விட்டுச்சென்ற பெயர்களை மட்டும் அம்மக்கள் விடவில்லை. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, அல்போன்சோ, கொன்சாலோ என்று தம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டே வந்தார்கள்.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். அப்படிப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் கோத்தியர் வழிவந்தவர்கள் அல்லர். ஆண்டவர்களின் பெயர் குடிமக்களிடம் பரவியது, அவ்வளவுதான். ஆகவே இந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பாவிலேயே, ஓர் இனத்தாரிடமிருந்து இன்னோர் இனத்தார் வாங்கிக்கொண்ட பெயராகிவிட்டது.

அரசர்கள் பலர் இப்பெயரைத் தாங்கியதால் இதற்கு மதிப்பும் கூடியது. 1248இல் செவில் நகரைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்டினாண்டு மன்னரைக் கத்தோலிக்கத் திருச்சபை 1671இல் புனிதராக அறிவித்தது. 1492இல் கொலம்பஸின் கடற்பயணத்துக்கு ஆதரவு தந்த ஸ்பெயின் அரசரின் பெயரும் பெர்டினாண்டுதான். உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட மகெல்லனை நம் பாடநூல்களில் படித்திருப்போம். அவருடைய முதற்பெயரும் இதுவே. போர்த்துக்கீசிய மொழியில் பெர்னாவோ என்பார்கள். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் மகெல்லனும் ஓர் இளம் வீரராக இருந்தார். படைத்தலைவர் அல்போன்சோ த அல்புகர்க்கின் முதற்பெயரும் கோத்தியப் பெயர். ஆக, நம் நாட்டு மண்ணில் இப்பெயர்கள் ஒலிக்கத் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

அடுத்து, பெர்னாண்டோவுக்கும் பெர்னாண்டஸுக்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்போம். நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவே ஒரு சுருக்கம் இருக்கிறது. "அனாக் லெலாக்கி", "அனாக் பெரம்புவான்" என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பது பொருள். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பழங்காலத்தில் அந்த வேலையைப் பெயரின் கடைசியில் வரும் "எஸ்" என்னும் ஒலி செய்தது. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். கொன்சாலோவின் மகன் கொன்சாலஸ். காலப்போக்கில் அது தலைமுறைதோறும் மாறாமல் நின்று குடும்பப் பெயராகிவிட்டது. இன்றும் ஸ்பெயினில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களாக முன்வரிசையில் நிற்பவை கார்சியா, ரொட்ரிகஸ், கொன்சாலஸ், பெர்னாண்டஸ் ஆகிய நான்கு. அவற்றுள் மூன்று கோத்தியர் விட்டுச்சென்றவை.

சரி, இந்தப் பெயர் தமிழரிடம் எப்படி வந்தது? அதற்கு நாம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போகவேண்டும்.

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று நீண்டு கிடக்கும் அந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். அங்கே முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள் பரதவர் குலத்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் போர்த்துக்கீசியரின் கை இந்தியக் கடல்களில் ஓங்கியது. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமையை ஒட்டி அந்தக் கரையில் கடுமையான பூசல் எழுந்தது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் அவர்கள் பெருந்திரளாகக் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து ஊர் ஊராகச் சென்று பணி செய்தார்.

ஞானஸ்நானம் பெறும்போது ஒரு புதுப்பெயர் சூட்டுவார்கள். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரையோ, ஓர் அதிகாரியின் பெயரையோ, ஒரு புனிதரின் பெயரையோ வைப்பது வழக்கமாயிற்று. சவேரியார் 1545இல் எழுதிய ஒரு கடிதத்தில், திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரைத் தாம் எழுதியே கொடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். அதுவரை நாவில் மட்டும் வழங்கிய பெயர், அன்று எழுத்தாகக் கைக்கு வந்தது.

போர்த்துக்கலில் பெர்னாண்டோ என்பது முதற்பெயர். குடும்பப் பெயராக வருவது பெர்னாண்டஸ். ஆனால் தூத்துக்குடிக் கரையிலும் இலங்கையிலும் பெர்னாண்டோ என்பதே குடும்பப் பெயராக நிற்கிறது. தந்தை வழியில் இரத்த உறவாக இறங்கி வந்த பெயராக இல்லாமல், சூட்டப்பட்ட பெயர் என்பதற்கு இதுவே ஒரு தடயம். ஒரே ஊரில் தொடர்பில்லாத பல குடும்பங்களுக்கு ஒரே பெயர் சூட்டப்பட்டது. ஆகவே பெர்னாண்டோ என்னும் பெயருடைய இருவர் பங்காளிகளாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பது சரியன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது பெயரை மட்டும் வைத்து முறை பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

பெயர் போர்த்துக்கீசியமாயினும் அந்த மக்கள் தமிழை விட்டுவிடவில்லை. அவர்களிடையே பணி செய்த என்ரிக்கே என்ரிக்கஸ் என்னும் பாதிரியார் தமிழ் கற்று, தமிழிலேயே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் தந்த நூல். இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அந்தப் பாதிரியாரின் பெயரும் ஜெர்மானியப் பெயரே. இல்லத்தின் தலைவன் என்பது அதன் பொருள்.

இதே மூலத்திலிருந்து பிறந்த சொல் ஒன்று நம் கிள்ளானிலும் நெடுங்காலம் வழங்கியது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறும்வரை அந்தத் துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். ஆங்கில அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் அமைந்தது அது. சுவெட்டன்ஹாம் என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதில் வரும் "ஹாம்" என்பதற்கு வீடு, குடியிருப்பு என்று பொருள். என்ரிக்கஸ் என்பதன் முன்பாதியும் அதே வீடுதான். ஒரு பாதிரியாரின் பெயரும் ஒரு துறைமுகத்தின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை என்பது வியப்பன்றோ?

தமிழில் அகரம், எகரம் போன்ற எழுத்துகளோடு சேர்ந்து உதட்டைப் பல்லால் தொட்டு ஊதும் ஒலி, அதாவது ஆங்கிலத்தில் காப்பி என்னும் சொல்லின் நடுவில் வரும் ஒலி, இயல்பாக இல்லை. அதனால்தான் நாம் காப்பி என்கிறோம். அதே முறையில் இப்பெயரும் தமிழ் நாவில் பர்னாந்து என்று மாறியது. தூத்துக்குடிப் பக்கத்தில் இன்றும் பர்னாந்து என்றே எழுதுவார்கள். அந்நகரின் நகரசபைத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊரின் தாகம் தீர்த்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்துவை அம்மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். அவருடைய பெயரையே ஆங்கிலத்தில் எழுதும்போது பெர்னாண்டஸ் என்று எழுதுவர். ஒரே மனிதர், இரண்டு வடிவங்கள்.

இலங்கைக்குப் போர்த்துக்கீசியர் 1505இல் வந்தார்கள். அங்கும் கரையோர மக்களிடையே இப்பெயர் பரவியது. மொறட்டுவை, நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களில் பெர்னாண்டோக்கள் ஏராளம். சிங்களத்தில் பிரனாந்து என்பார்கள். இலங்கையில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் இது ஒன்று. அங்கே பெர்னாண்டோ என்னும் பெயருடையவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, பௌத்தரும் உண்டு; சிங்களரும் உண்டு, தமிழரும் உண்டு. தேயிலைத் தொழிலில் பெயர் பெற்று, தில்மா என்னும் தேயிலையை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற மெரில் பெர்னாண்டோ, நீர்கொழும்புக்கு அருகே 1930இல் பிறந்தவர், 2023இல் மறைந்தார். பெயரைப் பார்த்து ஒருவரின் மொழியையும் மதத்தையும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இலங்கையே நல்ல சான்று.

இந்தியாவில் கோவா, மங்களூர்ப் பகுதிகளில் பெர்னாண்டஸ் என்னும் வடிவம் மிகுதி. 1974இல் நடந்த பெரும் இரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூரில் பிறந்தவர். கேரளக் கடற்கரையில் கொல்லம், திருவனந்தபுரம் பக்கங்களிலும் இப்பெயருடைய குடும்பங்கள் பல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இப்பெயர் ஒரே கப்பலில் வந்திறங்கவில்லை. பல வழிகளில் வந்தது. முதல் வழி, மலாக்கா. 1511 முதல் 1641இல் டச்சுக்காரர் கைப்பற்றும்வரை அது போர்த்துக்கீசியரிடம் இருந்தது. அங்கே மணவுறவால் உருவான சமூகத்தாரே மலாக்காப் போர்த்துக்கீசியர். உஜோங் பாசிர்க் குடியிருப்பில் வாழும் அவர்களிடையே பெர்னாண்டிஸ் என்னும் வடிவம் உண்டு. அவர்களோடு வெஸ்டர்ஹவுட் போன்ற டச்சுப் பெயருடைய குடும்பங்களும் மலாக்காவில் இருந்தன. டச்சும் ஜெர்மானிய மொழிதான் என்று முன்பே கண்டோம்.

இரண்டாம் வழி, தோட்டம். கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்த காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்களிடையே கத்தோலிக்கத் தமிழரும் இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு அவ்வகை ஆள்சேர்ப்பைத் தடுத்தது. அதன் பின்பும் ரஜூலா போன்ற கப்பல்களில் சொந்தச் செலவில் வந்தவர்கள் உண்டு. மூன்றாம் வழி, அலுவலகம். கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவ உதவியாளர்களாகவும் இரயில்வே ஊழியர்களாகவும் வந்தவர்களில் சிலரும் இப்பெயரைக் கொண்டுவந்தார்கள். இரயில்வே குடியிருப்புகள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதி அத்தகைய குடும்பங்களை அறியும்.

ஆகவே கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ ஒரு பெர்னாண்டஸைச் சந்தித்தால், அவர் மலாக்கா வழியினரா, தூத்துக்குடியினரா, கேரளத்தவரா, கோவாக்காரரா, இலங்கையரா என்பதைப் பெயர் சொல்லாது. அவரைக் கேட்டால்தான் தெரியும். நாடறிந்தவர்களையே பாருங்கள். தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் பெண்களின் உடல்நலத்துக்காகக் குரல் கொடுத்த தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ், கேரளத்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவரின் மகள், 2014இல் மறைந்தார். கோலாலம்பூர்ப் பேராயராக 1983 முதல் 2003 வரை பணியாற்றி, 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸும் அவரைப் போலவே சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், 2020இல் மறைந்தார். ஏர் ஏசியா விமான நிறுவனத்தால் பெயர் பெற்ற டோனி பெர்னாண்டஸின் தந்தை கோவா வழியினர். பெயர் ஏறக்குறைய ஒன்று. வந்த வழிகள் வெவ்வேறு.

உலகில் வேறு எங்கேனும் இப்படி உண்டா என்றால், உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1849இல் ஸ்பெயின் நாட்டு ஆளுநர் கிளாவேரியா ஓர் ஆணையிட்டார். குடும்பங்கள் எல்லாம் அரசு அளித்த பட்டியலிலிருந்து ஒரு குடும்பப் பெயரைக் கொள்ளவேண்டும் என்பது ஆணை. வரி வாங்கவும் மக்களைக் கணக்கெடுக்கவும் அது உதவியாக இருந்தது. ஸ்பெயின் நாட்டை ஒருநாளும் கண்டிராத குடும்பங்கள் ஸ்பானியப் பெயர் பெற்றன. அவர்கள் பிலிப்பினோக்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

பெயர் மட்டுமா இப்படி வந்தது? வீட்டில் துணி வைக்கும் அலமாரி, கதவைத் திறக்கும் சாவி, சோறு உண்ணும் மேசை, காற்று வரும் ஜன்னல் ஆகிய சொற்கள் எல்லாம் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. மலாய் மொழியும் அல்மாரி, மேஜா, ஜெண்டேலா என்று அதே சொற்களை வாங்கிக்கொண்டது. பள்ளியைக் குறிக்கும் செக்கோலா என்னும் மலாய்ச் சொல்லும் அப்படி வந்ததே. பள்ளிப் பிள்ளைகள் அமரும் நீள்பலகையை இலங்கைத் தமிழர் வாங்கு என்பர். மலாய் மொழியில் பங்கு. இரண்டும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லோ ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. "நீ செரானியா?" என்று கேட்ட பிள்ளை உட்கார்ந்திருக்கும் பலகையின் பெயரும், கேட்கப்பட்ட பிள்ளையின் பெயரும் ஒரே வழியாக வந்தவை!

இன்னும் ஒன்று. ஐரோப்பியரைப் பறங்கி என்று நம் முன்னோர் அழைத்தார்கள். அச்சொல் பிராங்கியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து அரபு, பாரசீக மொழிகள் வழியாக நம்மிடம் வந்தது. பினாங்கில் உள்ள பத்து பெரிங்கி என்னும் இடப்பெயரிலும் அதுவே இருக்கிறது. கடல் கடந்து வந்த காயைப் பறங்கிக்காய் என்றோம். அதில் கூட்டு வைத்து உண்ணுகிறோம். அதனால் நம் சமையல் ஐரோப்பியச் சமையல் ஆகிவிட்டதா? பெயரும் அப்படித்தான். சொல் வந்த ஊர் வேறு. அதை வைத்துக்கொண்டு வாழும் மனிதர் பிறந்த குடி வேறு.

இதுவரை வரலாறு பேசினோம். இனி, இன்றைய வாழ்க்கைக்கு வேண்டிய ஒன்றைப் பேசுவோம். இப்பெயரை எழுதுவதில் நம் குடும்பங்களிடையே பெரிய குழப்பம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, சேவியர் பெர்னாண்டோ என்று ஒரு தாத்தா இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு மகன்கள். பிறப்பைப் பதியும்போது மூத்தவருக்குத் தந்தை பெயரைச் சரியாக எழுதினார்கள். இளையவருக்கு எழுதியவர், தம் காதில் விழுந்தபடி பெர்னாண்டஸ் என்று எழுதிவிட்டார். பேரன்மார் காலத்தில் ஒரு வீட்டில் பெர்னாண்டோ, மறுவீட்டில் பெர்னாண்டஸ். இன்னொரு பேரனுக்கோ தந்தையின் முதற்பெயரை மட்டும் எழுதியதால் குடும்பப் பெயரே விழுந்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் தந்தை பெயரைச் சேர்க்கும் நம் முறையில் இது எளிதில் நடந்துவிடும்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். பேச்சில் ஒரு கேடும் இல்லை. பத்திரத்தில்தான் கேடு. தந்தையின் அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்து என்றால், பள்ளியில் சேர்க்கும்போதும், அடையாள அட்டை எடுக்கும்போதும், சேமநிதிப் பணம் பெறும்போதும், சொத்துரிமை கோரும்போதும் இருவரும் தந்தையும் மகனுந்தானா என்னும் கேள்வி எழும். படிப்பறிவு குறைந்த பெற்றோர் அந்தக் கேள்விக்கு விடை தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவதை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டு வருகிறோம். ஒரு நாள் கூலியை இழந்து போவார்கள். "அடுத்த வாரம் வா" என்பார்கள். மீண்டும் ஒரு நாள் கூலி போகும். இது பெர்னாண்டோக்களுக்கு மட்டும் வரும் தொல்லை அன்று. லெட்சுமி, லட்சுமி, இலக்குமி என்று மூன்று விதமாக எழுதப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இது. குழந்தை பிறந்தால் காலந்தாழ்த்தாமல் பிறப்பைப் பதியுங்கள். போகும்போது தாய் தந்தை இருவரின் அடையாள அட்டைகளையும் திருமணச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். பெயரை வாயால் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள், படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துப் போங்கள். பிழையை அன்றே சொன்னால் திருத்துவது எளிது. ஆண்டுகள் கழிந்தால் கடினம். பெர்னாண்டோவைவிடப் பெர்னாண்டஸ் நாகரிகமாக இருக்கிறது என்று எண்ணிப் பிள்ளைக்கு மாற்றி எழுதவும் வேண்டாம். தந்தையின் பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்கட்டும்.

மற்றொன்று, குடும்ப வரலாறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பலருடைய லயன் வீடுகளும் போய்விட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறும்போது பழைய தாள்களும் போய்விடுகின்றன. தாத்தா எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டத்தில் முதலில் பால் வெட்டினார் என்பதைச் சொல்ல இன்று சில வீடுகளில் ஒரு பாட்டிதான் மிச்சம். அவர் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பமானால், தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலின் பதிவேட்டில் பெயரும், பெற்றோர் பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். பங்குக் குருவிடம் கேட்டுப் பார்க்கலாம். இந்துக் குடும்பமானால் பழைய திருமண அழைப்பிதழும் கடிதமும் உதவும். பள்ளி விடுமுறையில் மாணவர்கள் செய்யத்தக்க நல்ல வேலை இது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒரு பெர்னாண்டோவோ ரொட்ரிகோவோ இருந்தால், இனி "நீ என்ன ஆள்?" என்று கேட்காதீர்கள். "உன் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பெர்னாண்டோ, துணிந்தவன். ரொட்ரிகோ, புகழால் ஆள்பவன். டி சில்வா என்றால் காடு, டி குரூஸ் என்றால் சிலுவை, பெரைரா என்றால் பேரிமரம். இந்த மூன்றும் ஜெர்மானியப் பெயர்கள் அல்ல, இலத்தீன் வழிவந்தவை. ஆனாலும் வந்த கப்பல் ஒன்றே.

அந்தப் பெயரை உடைய பிள்ளைக்கு நாம் சொல்வது இதுதான். உன் பெயரைப் பெற்றெடுத்தவர்கள் கோத்தியர். அதை வளர்த்தவர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல் நாட்டார். அதைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். அதை வாங்கிப் பர்னாந்து என்று தமிழாக்கி, இருபது தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் முத்துக்குளித்துறைத் தமிழர். மலேசியாவுக்குக் கொண்டுவந்தது உன் பாட்டனார். இனி அதைப் பிழையில்லாமல் எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டியவன் நீ.